தவி

வரைபடத்தில் அந்த ஆற்றின் பெயரை
நான் வேறுமாதிரி வாசித்திருந்தேன்.
ஹெலெத் திருத்தினாள்: தவி.
எங்கள் மொழியில் அது ஏவல் வினை என்றேன்.
"என்ன செய்யச் சொல்லும்?"
"தாகமெடுத்தால் தண்ணி தவிக்குது என்போம்."
முழங்கால் நனையாத ஆற்றைப் பார்த்தபடி
அவள் சிரிக்காமல் நின்றாள்.

ஜூலை. ஐந்து வாரமாக மழையில்லை.
லான்டைலோ பாலத்து ஒற்றை வளைவுக்குக் கீழே
கற்களெல்லாம் முதுகு காட்டிப் படுத்திருக்கின்றன.
பண்ணை பண்ணையாகப் பால் ஏற்றும் லாரியை நிறுத்திவிட்டு
ஏழு மணிக்கு மேல் நான் வருகிறேன்.
அவள் தபால் பையை இறக்கிவிட்டு,
நாய் கடித்த காலுறையோடு.

ஈ கட்டுவது அவள் வேலை.
அணில்வால் மயிர், வெள்ளிச் சரிகை, கறுப்புப் பட்டுநூல்,
கன்னத்துக்கு ஒன்றாய் இரண்டு இறகுக் கண்.
நம் மலைக் காட்டுக்கோழியின் கழுத்திறகு அது,
மெழுகு சொட்டினாற்போல் மஞ்சள் புள்ளியோடு.
எந்தக் காலத்திலோ யாரோ வாங்கிவைத்த உறையில்
இன்னும் ஒன்பது மிச்சம்.
ஊர்ப்பாசம் என்று எண்ணிவிட வேண்டாம்.
நான் பிறந்தது பெரம்பூரில்;
காட்டுக்கோழியை உயிரோடு கண்டதே இல்லை.

கடலிலிருந்து ஏறிவரும் சால்மன்
ஆற்றுக்குள் எதையும் தின்பதில்லை.
குடல் சுருங்கி, முட்டைக்கு இடம் விட்டு,
சேர்த்த கொழுப்பை எரித்தே குளிர்காலம்வரை கிடக்கும்.
பிறகு ஏன் கடிக்கிறது?
கோபம், என்கிறாள் ஹெலெத்.
எனக்கென்னவோ,
பசியில்லாத நள்ளிரவில் எழுந்துபோய்
ஃப்ரிட்ஜைத் திறந்து
அந்த வெளிச்சத்தில் சும்மா நிற்பேனே,
அதுவாக இருக்கும்.

வீசும்போது
நூல் முதுகுக்குப் பின்னால் நீள ஒரு கணம் விட வேண்டும்.
அந்தக் கணத்துக்காகத்தான் வருகிறேனோ என்னவோ.
முன்னால் விழுந்தபின் எல்லாம் ஆற்றின் பாடு.
ஆல்டர் நிழலோரம் ட்ரவுட் நாலைந்து மூக்கை நீட்ட
நீரில் வட்டம் வட்டமாக விரிந்தது.
மழையோ என்று
இருவரும் ஒரே நொடியில் வானத்தைப் பார்த்தோம்.

ஒன்பதரைக்கு வெப்பமானியை இறக்கினாள்.
இருபது.
பதினெட்டுக்கு மேல் தூண்டிலை மடக்கு என்று
கரைப்பலகையில் இரண்டு மொழியிலும் எழுதியிருக்கிறது.
சூடேறிய நீரில் மூச்சு குறைவு;
விட்டாலும் பிழைக்காது.
"போதும்" என்று தன் நூலைச் சுற்றினாள்.
நான் கோலை அக்குளில் இடுக்கிக்கொண்டு
அவள் கையிலிருந்த எண்ணை எட்டிப் பார்த்தேன்.
என் ஈ கீழ்நீரில்
கேட்பாரற்றுத் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான்.

கோல் உருவிக்கொண்டு போகப் பார்த்தது.
சுருளி அலறியது.
இழு, சீக்கிரம் இழு என்று கத்தினாள்,
மீனை அவசரப்படுத்துவது பாவம் என்று
மூன்று கோடையாகச் சொல்லிவந்தவள்.
ஒரேயொரு முறை மேலே வந்தது,
என் லாரியின் பக்கத்தகடு போல.

எதிர்முள் நசுக்கிய தூண்டில், தொட்டதும் கழன்றது.
கரையேற்றவில்லை. படம் எடுக்கவில்லை.
ஓடை வந்து சேரும் வாயில், கொஞ்சமாவது குளிர்ந்த இடத்தில்,
தலையை எதிர்நீருக்குத் திருப்பி
வாலடியில் ஒரு கை, வயிற்றடியில் ஒரு கை,
மண்டியிட்டேன்.
செவுள் திறந்தது. மூடவில்லை.
மூடியது.
ஒற்றைப் பெட்டி ரயில் விளக்கோடு கடந்தது;
ஜன்னலில் ஒருவர் வாய் பிளந்து தூங்கினார்.
போடா, போ, என்றேன்.
பெட்டை, என்றாள் ஹெலெத்.
போடி.

எத்தனை நிமிடமோ.
துள்ளலில்லை, வாலடியில்லை,
கையிலிருந்து எடை மட்டும் போயிற்று.

காலை ஐந்தரைக்குப் பாலத்தின்மேல் வேகம் குறைத்தேன்.
பின்னால் யாரோ ஹார்ன் அடித்தார்.
கீழே வெள்ளையாய் எதுவும் மிதக்கவில்லை.
அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது;
இரவில் நீர்நாய் வரும் ஆறு.
வானொலி இன்றும் வெயில் என்றது.
தொப்பியில் குத்திவைத்த ஈயில்
இறகுக் கண் ஒன்று பிய்ந்து போயிருக்கிறது.
ஹெலெத்திடம் இன்னும் சொல்லவில்லை.